ஒன்பதாவது பசங்களுக்கு தன்மதிப்பு, டென்ஷன், போதை பத்தி கிளாஸ் எடுக்கணும். முதல் கிளாஸே சொதப்பிட்டேன், ஐடியா குடுங்க

ரஃப்நோட்டு:
வணக்கம் எல்லாருக்கும். நான் எடுக்கறது சயின்ஸ். இந்த டெர்ம்ல வாரம் ஒரு பீரியட், மொத்தம் ஆறு வாரம், தன்மதிப்பு மன அழுத்தம் போதைப் பழக்கம் இது மூணையும் நீங்களே பாத்துக்கங்கனு என் தலையில கட்டிட்டாங்க. புக்கும் கிடையாது, ட்ரெயினிங்கும் கிடையாது.

முதல் கிளாஸ் போன வாரம். ப்ரொஜெக்டர்ல கறுத்துப்போன நுரையீரல், புண்ணு வந்த வாய்னு வரிசையா போட்டேன். முன்னாடி உக்காந்திருந்த ரெண்டு பொண்ணுங்க கண்ண மூடிக்கிச்சுங்க, பின்னாடி இருக்கறவனுங்க பேய்ப்படம் பாக்கற மாதிரி "சார் அடுத்தது போடுங்க சார்"னு கேக்கறானுங்க. கடைசில ஒருத்தன் எந்திரிச்சு ரொம்ப மரியாதையா "சார், எங்க தாத்தாவுக்கு எம்பத்திரண்டு வயசு, இன்னிக்கு வரைக்கும் சிகரெட் பிடிக்கறாரு, அவரு போட்டோவும் போடலாமா"னு கேட்டான். கிளாஸே விழுந்து விழுந்து சிரிக்குது. எனக்கு வாயே வரல.

சரி தன்மதிப்புக்குப் போவோம்னு, எல்லாரையும் எழுப்பி நிக்க வெச்சு "நான் சிறப்பானவன், என்னால முடியும்"னு பத்து தடவ சொல்லச் சொன்னேன். சொன்னாங்க. மறுநாள் காரிடார்ல ஒருத்தன் இன்னொருத்தன தலையில தட்டி "வாடா சிறப்பானவனே"னு கூப்பிடறான். இப்ப அது ஸ்கூல் பூரா பட்டப்பேராவே ஆயிடுச்சு.

இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. பயமுறுத்தாம, கேலிக்கும் ஆளாகாம இத எப்படி சொல்றது?

மூத்தவாத்தி:
தம்பி, முப்பது வருஷமா வாத்தியாரா இருக்கேன். பயமுறுத்தாமனு நீங்க சொல்றதுதான் எனக்குப் புரியல. அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க? எங்க காலத்துல வாத்தியார் தெருவுல எதிர்ல வந்தாலே சைக்கிள விட்டு இறங்குவோம். பயம் போச்சு, எல்லாம் போச்சு. போலீஸ்காரர் ஒருத்தரக் கூட்டிட்டு வந்து பேச விடுங்க, தானா அடங்குவானுங்க.

நிழல்மரம்:
நான் ஸ்கூல் கவுன்சிலர், பதினோரு வருஷம் ஆச்சு. மூத்தவாத்தி சார் கோவிச்சுக்கக் கூடாது, போலீஸ்காரரக் கூட்டிட்டு வந்து பேச வைக்கறத ஒரு நாடே பெருசா பண்ணிப் பாத்துடுச்சு சார். அமெரிக்காவுல 1983 ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஆரம்பிச்ச டேர் திட்டம், போலீஸ் ஆபீசரே கிளாஸுக்கு வந்து பாடம் எடுப்பாங்க, நாடு பூரா பரவுச்சு. ஆறாவதுல அந்தக் கிளாஸ்ல உக்காந்த பசங்கள இருபது வயசுல திரும்பப் பாத்து 1999 ல ஒரு ஆய்வு வந்துச்சு. சிகரெட், குடி, கஞ்சா எதுலயும், அந்தக் கிளாஸ்ல இல்லாதவங்களுக்கும் இவங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. தன்மதிப்பு மட்டும் இவங்களுக்குக் கொஞ்சம் கம்மியாவே இருந்துச்சு! ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போய் கைதிங்கள விட்டு மிரட்ட வைக்கற திட்டமும் அங்க இருந்துச்சு, அதுல நிலமை இன்னும் மோசம், போயிட்டு வந்த பசங்க போகாதவங்களவிட அதிகமா தப்பு பண்ணாங்கனு ஆய்வுகள மொத்தமா வெச்சுப் பாத்தவங்க சொல்றாங்க.

பயம் ஏன் நிக்க மாட்டேங்குதுன்னா, பயத்த தனியா உக்காந்திருக்கும்போது குடுக்கறோம், தப்பு நடக்கறது கூட்டாளிங்க நடுவுல. 2005 ல கார்ட்னர், ஸ்டைன்பெர்க்னு ரெண்டு ஆய்வாளருங்க ஒரு சோதனை பண்ணாங்க, கம்ப்யூட்டர்ல கார் ஓட்டற கேம், மஞ்ச லைட்டு விழுந்தப்புறம் எவ்ளோ தூரம் துணிஞ்சு போறாங்கனு பாக்கறது. 13லருந்து 16 வயசுப் பசங்க கூட்டாளிங்க பக்கத்துல இருந்தா தனியா ஓட்டறதவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ரிஸ்க் எடுத்தாங்க. 24க்கு மேல இருக்கறவங்களுக்கு பக்கத்துல ஆள் இருந்தாலும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான். நின்னு யோசிச்சு முடிவெடுக்க வைக்கற மூளையோட முன்பக்கப் பகுதி இருபத்தஞ்சு வயசு கிட்டதான் முழுசா முதிருது. அதனால "ஆபத்துனு தெரியாமப் பண்றானுங்க"ன்றது தப்பு சார், நல்லாவே தெரியும், அந்த நிமிஷத்துல அது கணக்குல வர்றதில்ல.

அப்புறம் ரஃப்நோட்டு சார், அந்தத் தாத்தா கேள்வி தங்கமான கேள்வி, விட்டுடாதீங்க. விடாம பிடிக்கறவங்கள்ல பாதிப் பேர் வரைக்கும் அதனாலயே சாகறாங்கனு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அப்ப மிச்சம் இருக்கறவங்கள்ல ஒருத்தர்தான் உங்க தாத்தானு நேரா ஒத்துக்கங்க, பொய் சொல்லலன்னு பையனுக்குத் தெரியட்டும். ஒத்துக்கிட்டு, அவன்கிட்ட ஒரே ஒரு கேள்விய வீட்டுக்குக் குடுத்தனுப்புங்க: தாத்தா இத விடணும்னு எத்தன தடவ நினைச்சாரு? அவரையே கேட்டுட்டு வரச் சொல்லுங்க.

பின்பெஞ்சுக்காரன்:
நான் அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன். பதினாலு வயசுல முதல் தம், பதினாறுல சரக்கு, அப்புறம் மாத்திர வரைக்கும் போய் இருபத்தாறுல வெளிய வந்தேன், வந்து ஏழு வருஷம் ஆகுது.

முதல் தடவ எப்படி நடந்துச்சுன்னு சொன்னா சிரிப்பீங்க. யாரும் என்ன கட்டாயப்படுத்தல. இந்தப் பாடத்துலல்லாம் வில்லன் மாதிரி ஒருத்தன் வந்து "குடிடா குடிடா"ன்னு கைய முறுக்குவான்ல, அந்த மாதிரி ஒருத்தன நான் பாத்ததே இல்ல. மாடிப்படிக்குக் கீழ அஞ்சு பேர் நின்னுட்டிருந்தோம், ஒரே சிகரெட், சுத்திக்கிட்டு வருது. எனக்கு முன்னாடி இருந்தவன் ரெண்டு இழு இழுத்துட்டு நீட்டறான், என்ன பாக்கக்கூட இல்ல, வேற எதையோ பேசிக்கிட்டே கைய மட்டும் நீட்டறான். வாங்கலன்னா பேச்சு நின்னுடும், எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. அந்த பயம்தான். நுரையீரல் எல்லாம் ஞாபகம் வரல, கை தானா போய் வாங்கிடுச்சு. மொத்தம் அஞ்சு செகண்டு இருக்குமா? அந்த அஞ்சு செகண்டுல வாய்ல வர்றதுக்கு என்கிட்ட ஒரு வார்த்த இல்ல. அவ்ளோதான். வேணாம்னு சொல்லணும்னு தெரியும், எப்படி சொல்றதுன்னு யாரும் சொல்லித் தரல.

இன்னொண்ணு, டென்ஷனுக்குத்தான் பிடிக்கறேன்னு நானே பத்து வருஷம் நம்பிட்டு இருந்தேன். விட்டப்புறம்தான் புரிஞ்சுது, அந்த டென்ஷன குடுத்ததே அதுதான். ரத்தத்துல நிகோடின் இறங்க இறங்க எரிச்சல் வரும், கை பரபரன்னு இருக்கும், அடுத்தது பத்த வெச்சா அடங்கும், ஆஹா டென்ஷன் போச்சுன்னு தோணும். செருப்பு கடிக்குதுன்னு நாள் பூரா நொண்டிட்டு, சாயங்காலம் கழட்டும்போது வர்ற சுகத்துக்காக அந்தச் செருப்பையே போட்டுக்கற மாதிரி. இத ஒருத்தராவது அந்த வயசுல இப்படி சொல்லியிருந்தா கேட்டிருப்பேனா தெரியல, ஆனா கறுப்பு நுரையீரலவிட இது உள்ள இறங்கியிருக்கும்.

டியூட்டிஅம்மா:
@பின்பெஞ்சுக்காரன் தம்பி, படிச்சுட்டு கண்ணு கலங்கிடுச்சு, நல்லா இருக்கணும் நீங்க.

எனக்கு ஒரு சந்தேகம், கிளாஸ் விஷயம் இல்ல வீட்டு விஷயம், கேக்கலாம்ல? என் பொண்ணுக்கு பதினாலு. சின்னதுலருந்து "நீ புத்திசாலிடி, உனக்கு எல்லாம் வரும்"னு சொல்லி சொல்லிதான் வளத்தேன், தன்னம்பிக்கை வரட்டும்னு. இப்ப மேத்ஸ்ல மார்க் கொறஞ்சதும் புக்கையே தொட மாட்டேங்கறா, நான் முட்டாள்னு அழறா, பேப்பர எங்க வெச்சான்னே தெரியல, ஒளிச்சு வெச்சிருக்கா. நான் எங்க தப்பு பண்ணேன்?

நிழல்மரம்:
அக்கா, தாராளமா கேளுங்க, ரெண்டும் ஒரே விஷயம்தான். ம்யூல்லர், ட்வெக்னு ரெண்டு பேர் 1998 ல ஒரு ஆய்வு போட்டாங்க. அஞ்சாவது பசங்களுக்கு ஒரு புதிர் குடுத்து, முடிச்சதும் சில பேர்கிட்ட "நீ புத்திசாலி"ன்னாங்க, சில பேர்கிட்ட "நல்லா முயற்சி பண்ணியிருக்க"ன்னாங்க. ஒரே ஒரு வாக்கியம்தான் வித்தியாசம். அப்புறம் கஷ்டமான புதிர் ஒண்ணு குடுத்து எல்லாரையும் திணற விட்டாங்க. புத்திசாலின்னு பேர் வாங்கினவங்களுக்கு இத மேல போட்டுப் பாக்கற ஆசையே கொறஞ்சுது, அடுத்து சுலபமாப் போட்டதும் முன்னவிட கம்மியா எடுத்தாங்க. கடைசில வேற ஸ்கூல் பையனுக்கு உன் மார்க்க எழுதி அனுப்புன்னு சொன்னா, அவங்கள்ல 38 சதவீதம் பேர் கூட்டிப் பொய் எழுதினாங்க, முயற்சியப் பாராட்டின குரூப்ல 13 சதவீதம்தான். உங்க பொண்ணு பேப்பர ஒளிக்கறது அதேதான் அக்கா. பேர் போயிடும்னு பயம். நீங்க பாசத்துலதான் சொன்னீங்க, அது தப்பே இல்ல, ஆனா அந்தப் பேர காப்பாத்தற வேல அவ தலையில விழுந்துடுச்சு.

ரஃப்நோட்டு சாரோட "நான் சிறப்பானவன்" மேட்டரும் இங்கதான் வருது. கலிஃபோர்னியாவுல 1986 ல தன்மதிப்ப வளக்கறதுக்குன்னே அரசாங்கக் குழு ஒண்ணு போட்டாங்க, அது வளந்தா போதை, குற்றம், படிப்புல பின்தங்கறது எல்லாம் தீந்துடும்னு நம்பிக்கை. அப்புறம் 2003 ல பாமைஸ்டர்ங்கற உளவியல் ஆய்வாளரும் அவரோட ஆளுங்களும் அதுவரைக்கும் வந்த ஆய்வுகளையெல்லாம் அலசிப் பாத்துட்டு, தன்மதிப்பு அதிகமா இருக்கறதுனால மட்டும் பசங்க சிகரெட்டோ குடியோ தொடாம இருக்கறதில்லன்னு எழுதிட்டாங்க. தன்னப் பத்தி ரொம்ப உசத்தியா நினைக்கறவனும் குடிக்கறான் சார்.

மூத்தவாத்தி:
அப்ப தன்மதிப்பு வேணாம்ங்கறீங்க, பயமும் வேணாம்ங்கறீங்க. பின்ன என்னதான் சொல்லிக் குடுக்கறது? கிளாஸ்ல போய் சும்மா உக்காந்துட்டு வரணுமா?

நிழல்மரம்:
தன்மதிப்பு வேணாம்னு சொல்லல சார், அத வாயால குடுக்க முடியாதுன்னு சொல்றேன். நீச்சல் வரும்ங்கற நம்பிக்கைய கரையில நின்னு சொல்லிக் குடுக்க முடியுமா? தண்ணில இறக்கணும். ஒரு பையனுக்கு ஒரு வேலைய முழுசா நம்பிக் குடுங்க, லேப் சாவிய குடுங்க, ஏழாவது பையனுக்கு கணக்கு சொல்லித் தர விடுங்க, அவன் செஞ்சு முடிச்சதும் என்ன பண்ணான்னு குறிப்பா சொல்லுங்க, "சூப்பர்டா"ன்னு பொதுவா சொல்லாதீங்க. தன்மதிப்பு பின்னாலயே வரும்.

போதை விஷயத்துக்கு, பின்பெஞ்சுக்காரன் சொன்ன அந்த அஞ்சு செகண்டு இருக்குல்ல, ஆறு வாரத்துல மூணு வாரம் அதுக்கே குடுங்க. ஒத்திகை. போட்வின்னு ஒருத்தர் 1980கள்லயே இந்த மாதிரி ஒரு பாடத்திட்டம் பண்ணாரு, அறிவுரை கம்மி, பயிற்சி ஜாஸ்தி, மறுத்துப் பேசறது, டென்ஷன சமாளிக்கறது, விளம்பரம் எப்படி ஏமாத்துதுன்னு பாக்கறது எல்லாம் பசங்களே செஞ்சு பழகறது. ஆறு வருஷம் கழிச்சும் பலன் தெரிஞ்சுதுன்னு 1995 ல ஆய்வு வந்துச்சு.

ஒரே ஒரு எச்சரிக்கை, ஏற்கனவே தொட்டுட்டானுங்கன்னு சந்தேகப்படற பசங்கள மட்டும் தனியா ஒரு குரூப்பா உக்கார வெக்காதீங்க. ஒருத்தனுக்கொருத்தன் சிரிச்சு சிரிச்சே ஏத்தி விட்டுப்பானுங்க, டிஷியன்னு ஒரு ஆய்வாளர் 1999 ல எழுதினதே இதப் பத்திதான். கலந்தே உக்காரட்டும்.

தூக்கம்வரல:
எனக்கு 19, ஸ்கூல் முடிச்சு ரெண்டு வருஷம்தான் ஆகுது, பெரியவங்க பேசற இடத்துல மூக்க நுழைக்கறேன் மன்னிச்சுக்கங்க. டென்ஷன் பத்தி எல்லாரும் மூச்சுப் பயிற்சி பண்ணு, பாசிட்டிவா நினைன்னு சொல்லுவாங்க ஓகே, ஆனா நான் பத்தாவதுல அஞ்சு மணி நேரம்தான் தூங்கினேன். அந்த நிலமைல என்ன மூச்சுப் பயிற்சி பண்ணாலும் கொட்டாவிதான் வரும். 13லருந்து 18 வரைக்கும் 8லருந்து 10 மணி நேரம் தூக்கம் வேணும்னு டாக்டருங்க சொல்றாங்க, அதோட இந்த வயசுல தூக்கத்துக்கான மெலடோனின் லேட்டாதான் சுரக்குமாம், சீக்கிரம் படுன்னு திட்டினாலும் வராது. சியாட்டில்ல 2016 ல ஸ்கூல் ஆரம்பிக்கற டைம 7:50 லருந்து 8:45 ஆக்கினாங்க, பசங்க தினம் அரை மணி நேரத்துக்கு மேல கூட தூங்கினாங்க, போன நோண்டிட்டு இன்னும் லேட்டா படுக்கல.

எங்க பேட்ச்ல ரெண்டு பேர் மாத்திர போட ஆரம்பிச்சது ஜாலிக்கு இல்ல, எக்ஸாம் நேரத்துல முழிச்சிருக்கறதுக்கு. அதையும் போதைன்னு யாரும் எங்களுக்கு சொல்லவே இல்ல. போதைன்னா கெட்ட பசங்க பண்றதுன்னு மட்டும்தான் சொன்னாங்க, நல்லாப் படிக்கற பசங்க எங்க போய் சொல்லுவாங்க?

டியூட்டிஅம்மா:
கண்ணு நீ மூக்க நுழைச்சது நல்லதாப் போச்சு. இன்னிக்கே என் பொண்ணோட டைம்டேபிள பாக்கறேன்.

பின்பெஞ்சுக்காரன்:
அக்கா உங்களுக்கும் மத்த பெத்தவங்களுக்கும் ஒண்ணு. பிள்ளைகிட்ட ஒரு கோட் வேர்டு வெச்சுக்கங்க. எங்கயாவது மாட்டிக்கிட்டா, ஒரு பார்ட்டியோ பிரெண்டு வீடோ, அங்க சரியில்லன்னு தோணுச்சுன்னா, "தலவலி மாத்திர எங்க இருக்கு"ன்னு உங்களுக்கு மெசேஜ் போடணும். நீங்க உடனே போன் அடிச்சு சத்தமா கத்தணும், இப்பவே கிளம்பி வான்னு. பழி உங்க மேல, அவ தப்பிச்சா. "எங்கம்மா சரியான டார்ச்சர்டி"ன்னு சொல்லிட்டு வந்துடுவா. முக்கியமான கண்டிஷன், அன்னிக்கு ராத்திரி ஒரு கேள்வி கேக்கக் கூடாது, மறுநாள் பேசிக்கலாம். கேட்டீங்கன்னா அடுத்த தடவ மெசேஜ் வராது.

எங்கப்பாகிட்ட நான் ஒரே ஒரு தடவ சொல்லப் பாத்தேன், பதினஞ்சு வயசுல. வாக்கியத்த முடிக்கறதுக்குள்ள அறை விழுந்துச்சு. மூத்தவாத்தி ஐயா, நீங்க சொல்ற பயம் எனக்கு நிறையவே இருந்துச்சு. அதுக்கப்புறம் பதினோரு வருஷம் வீட்ல மூச்சு விடல.

மூத்தவாத்தி:
சரிப்பா. இதுக்கு நான் என்ன சொல்றது. படிச்சேன்.

டேட்டாபைத்தியம்:
கிளாஸ்ல மட்டும் இது தீராது, ஐஸ்லாந்து கதையயும் பாருங்க. 1998 ல அங்க 15, 16 வயசுப் பசங்கள்ல 42 சதவீதம் பேர் போன மாசத்துல போதை ஏறற அளவுக்குக் குடிச்சேன்னு சொன்னாங்க. 2016 ல அது 5 சதவீதம். தினம் சிகரெட் பிடிக்கறது 23 லருந்து 3 ஆச்சு. லெக்சர் குடுத்து கொறைக்கல. சாயங்காலத்துக்கு விளையாட்டு, இசை, டான்ஸ்னு இடம் பண்ணிக் குடுத்து அதுக்கு காசும் குடுத்தாங்க, பெத்தவங்கள பிள்ளைங்களோட கூட நேரம் செலவழிக்க வெச்சாங்க, ராத்திரி எத்தன மணிக்கு மேல பசங்க வெளிய சுத்தக் கூடாதுன்னு சட்டம், வருஷா வருஷம் பசங்ககிட்டயே சர்வே. சின்ன நாடு, அப்படியே காப்பி அடிக்க முடியாது, ஆனா சாயங்காலம் நாலுலருந்து ஏழு வரைக்கும் பையன் எங்க இருக்கான்ங்கறதுதான் கேள்வியே.

ஆரம்பிக்கற வயசத் தள்ளிப் போட்டாலே லாபம்தான். அமெரிக்காவுல 1997 ல பாத்த கணக்கு, 15 வயசுக்கு முன்னாடி குடிக்க ஆரம்பிச்சவங்கள்ல 40 சதவீதம் பேர் பின்னாடி எப்பவாவது குடிக்கு அடிமை ஆனாங்க, 20 தாண்டி ஆரம்பிச்சவங்கள்ல அது சுமார் 10. இதுல ஆரம்பிச்ச வயசு மட்டும்தான் காரணமா, இல்ல வீட்டுச் சூழ்நிலையும் சேந்தான்னு சண்ட போட்டுக்கிட்டே இருக்கலாம், நான் தனி இழை போட்டு சண்ட போடறேன்.

ரஃப்நோட்டு:
மூணு வாரம் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் பெரிய கும்பிடு.

முதல்ல தாத்தா கதை. பையன் கேட்டுட்டு வந்துட்டான். எந்திரிச்சு நின்னு, இந்தத் தடவ கிண்டல் இல்ல, "சார், தாத்தா பதினோரு தடவ விட்டுருக்காராம். ஒரு தடவ நாலு மாசம் விட்டாராம். பாட்டி செத்த அன்னிக்கு மறுபடி ஆரம்பிச்சாராம். என்கிட்ட இதெல்லாம் சொன்னதே இல்ல சார்"ன்னான். கிளாஸ்ல ஒரு சத்தம் இல்ல. நான் தயார் பண்ணிட்டுப் போன டென்ஷன் பாடத்த மூடி வெச்சுட்டேன், அதுக்கு மேல என்ன பாடம் எடுக்கறது.

ஒத்திகை பண்ணோம். முதல்ல எல்லாரும் "போதைப் பழக்கம் உடலுக்குக் கேடு நண்பா"ன்னு மேடை நாடக வசனம் பேசினாங்க. நான் பின்பெஞ்சுக்காரன் சொன்ன மாதிரியே பண்ணேன், அஞ்சு பேர வட்டமா நிக்க வெச்சு, சாக்பீஸ சுத்த விட்டு, மூஞ்சப் பாக்காம கிரிக்கெட் பத்திப் பேசிக்கிட்டே நீட்டணும்னு சொன்னேன். முதல் ரவுண்டுல அஞ்சு பேருமே வாங்கிட்டாங்க! வாங்கினப்புறம்தான் அவங்களுக்கே தெரியுது, ஒருத்தன் கையில இருக்கற சாக்பீஸையே பாத்துட்டு நிக்கறான். அதுக்கப்புறம் அவங்களே லைன் எழுதினாங்க. ஜெயிச்சது எது தெரியுமா, பேச்ச நிறுத்தாம "நீ அடி, எனக்கு பிராக்டிஸ் இருக்கு"ன்னு சொல்லிட்டு அடுத்தவன்கிட்ட தள்ளி விடறது. காரணம் நீளமாச் சொன்னவன் எல்லாம் மாட்டினான், ரெண்டு வார்த்தைல முடிச்சவன் தப்பிச்சான்.

இப்ப ஒரு சிக்கல். பேர் எழுதாம சீட்டு போடச் சொல்லி ஒரு பெட்டி வெச்சேன். பாதி கிண்டல், எதிர்பாத்ததுதான். ஒரு சீட்டுல மட்டும் பென்சில்ல, ரொம்ப சின்ன எழுத்துல, "நான் குடிக்க மாட்டேன். எங்கப்பா தினமும் குடிக்கறாரு. நான் நல்லா படிச்சா நிறுத்துவாரா"ன்னு இருந்துச்சு. யாருன்னு தெரியல. கையெழுத்த நோட்டோட ஒத்துப் பாத்து கண்டுபிடிக்கலாம், கண்டுபிடிக்கணுமா? வியாழக்கிழமை கிளாஸ். என்ன சொல்றது?

நிழல்மரம்:
கையெழுத்த ஒத்துப் பாக்காதீங்க சார். பேர் போடாதன்னு நீங்கதான் வாக்கு குடுத்தீங்க. ஆனா சீட்டுலயே அடி வாங்கறேன், சாகணும் போல இருக்குன்னு இருந்தா இந்தக் கணக்கு மாறிடும், அப்ப அன்னிக்கே ஸ்கூல்ல குழந்தைப் பாதுகாப்புக்கு யார் பொறுப்போ அவங்ககிட்ட போகணும், அந்த விதிவிலக்க முன்கூட்டியே கிளாஸ்லயும் சொல்லி வெச்சிருக்கணும்.

இந்தச் சீட்ட படிக்க வேணாம், "ஒருத்தர் எழுதியிருக்காங்க"ன்னும் சொல்லாதீங்க, எல்லாத் தலையும் திரும்பும். பொதுவா ஆரம்பிங்க, நிறைய வீட்ல பெரியவங்க யாராவது குடிக்கறாங்க, அந்த வீட்டுப் பசங்களுக்கு மூணு விஷயம் தெரிஞ்சிருக்கணும்னு. அந்தக் குடிக்கு நீ காரணம் இல்ல. உன்னால அதக் கட்டுப்படுத்த முடியாது. உன்னால அத குணப்படுத்தவும் முடியாது. மார்க் எவ்ளோ எடுத்தாலும் அது நிக்காது, மார்க் கொறஞ்சதால அது வரவும் இல்ல. அவங்களுக்குத் தேவை வைத்தியம், அது பெரியவங்க வேல. உன் வேல, நம்பற பெரியவங்க ஒருத்தர்கிட்ட சொல்றது, அவங்க கேக்கலன்னா அடுத்தவங்ககிட்ட சொல்றது. இந்த மாதிரி வீட்டுப் பசங்களுக்குன்னே அலட்டீன்னு ஒரு அமைப்பு 1957 லருந்து இருக்கு, பல நாட்டுல கூட்டம் நடக்குது, உங்க பக்கம் இருக்கான்னு முன்னாடியே விசாரிச்சு வெச்சுக்கங்க.

சொல்லி முடிச்சதும் நீங்க எந்த நேரத்துல எந்த ரூம்ல தனியா இருப்பீங்கன்னு சொல்லுங்க. அன்னிக்கே யாரும் வர மாட்டாங்க. இருந்தாலும் சொன்ன நேரத்துல அங்க இருங்க.

ரஃப்நோட்டு:
லேப்ல இருப்பேன், மதியம் முழுக்க. எழுதிக்கிட்டேன். பெட்டி இப்ப என் டேபிள் மேல இருக்கு, அப்படியே இருக்கட்டும்ல?

பின்பெஞ்சுக்காரன்:
டேபிள் மேல வேணாம் சார். உங்க கண்ணு முன்னாடி எந்திரிச்சு வந்து போடணும்னா ஒருத்தனும் போட மாட்டான். லைப்ரரி போற வழில, கதவுக்குப் பின்னாடி வைங்க.

மூத்தவாத்தி:
சீட்டோட ஒரு பென்சிலும் கட்டி வைங்க தம்பி. பேனாவக் கையோட கொண்டு வர மாட்டானுங்க.